கரிமூட்டத்து முள்ளும் காயப் பதிவும்: தீயணைப்பு வேலையில் அடிபட்டால் முதல் நாளே என்ன செய்யணும்?

பழைய நிலைய அலுவலர் (இழையைத் தொடங்கியவர்) · ஞாயிறு இரவு 9.40

தீயணைப்புத் துறையில் ஓய்வு பெற்றவன் நான். சர்வீஸில் பாதிக்கு மேல் ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில்தான் போனது. போன வாரம் சாயல்குடி பக்கம் ஒரு கல்யாணத்தில், இப்போது வேலையில் இருக்கும் ஒரு தம்பியைப் பார்த்தேன். பந்தியில் எல்லாரும் சம்மணம் போட்டு உட்கார, அவன் மட்டும் இடது காலை நீட்டி வைத்திருந்தான். என்னப்பா என்றேன். "கரிமூட்டத்துல முள்ளு ஏறிருச்சு சார். மூணு வாரமாச்சு. தானாச் சரியாப் போயிரும்." எழுதி வைத்தாயா என்றேன். "முள்ளுக்கெல்லாமா சார்?" என்று சிரித்தான்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. இதே பதிலை நானும் ஒரு காலத்தில் சொன்னவன்.

வெளியூர்க்காரர்களுக்குக் கரிமூட்டம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சீமைக்கருவேல விறகை நெருக்கி அடுக்கி, மேலே செத்தையும் ஈரமண்ணும் போட்டு மூடி, உள்ளே தீயை விட்டுவிடுவார்கள். நாள்கணக்கில் புகைந்து கரியாகும். காற்று கூடி எங்காவது மண் பிளந்துவிட்டால் மொத்த மூட்டமும் பற்றிக்கொள்ளும். பக்கத்தில் வெட்டிப் போட்ட முள்கட்டு, அடுக்கிய கரிமூட்டை எல்லாம் சேர்ந்து எரியும். அணைக்கப் போகிறவன் நிற்பது முள் மேல். மூட்டத்தின் மேல் ஏறினால் மண்தோடு உடைந்து கால் உள்ளே போகும், அதற்குள் கனல்.

2004 கோடையில் அப்படி ஒரு அழைப்பு. பிராஞ்சை (ஹோஸ் முனையில் தண்ணீர் பீய்ச்சும் குழல்) பிடித்தபடி வலது முழங்காலைத் தரையில் ஊன்றினேன். சுருக்கென்றது. தீ அடங்கி, விடிகாலையில் டார்ச் வெளிச்சத்தில் பேண்ட்டைச் சுருட்டிப் பார்த்தால் ஒரு கரும்புள்ளி, சுற்றிலும் நாலணா அகலத்துக்குச் சிவப்பு. டிரைவர் குறடால் முள்ளைப் பிடுங்கிப் போட்டார். முனை உள்ளேயே ஒடிந்து நின்றது ஐந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை மஞ்சளும் தேங்காய் எண்ணெயும்தான் வைத்தியம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிய பிறகு மதுரையில் திறந்து எடுத்தார்கள். அரிசி நீளம்கூட இல்லை.

சிறப்பு விடுப்புக்கு விண்ணப்பித்தேன். கோப்பு ஒரே வரியோடு திரும்பியது: சம்பவ நாளன்று காயம் குறித்து நிலையத்தில் பதிவு ஏதும் இல்லை. அந்த வரியில் பொய் இல்லை. எத்தனை மணிக்குக் கிளம்பினோம், எத்தனை ஹோஸ் விரித்தோம், எவ்வளவு டீசல் செலவானது எல்லாம் அன்றைய பதிவில் இருந்தது. என் முழங்கால் மட்டும் இல்லை. சேர்த்து வைத்திருந்த சொந்த விடுப்பு முழுவதும் அதில் கரைந்தது. இன்றும் கோயிலில் கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தூணைப் பிடிக்க வேண்டும்.

இந்த இழையில் நான் கேட்பது இதுதான். அடிபட்டவன் முதல் நாள் என்ன செய்ய வேண்டும், எதை எப்படி எழுத வேண்டும்? பணியில் இருப்பவர்கள், ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள், வக்கீல்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

வாட்டர்டெண்டர் · ஞாயிறு இரவு 10.25

சார், அந்தப் பந்தி ஆளு நான்தான். நீங்க இங்க எழுதுவீங்கன்னு நினைக்கல.

இடது கால், பெருவிரலுக்குக் கீழே உள்ளங்கால்ல. பூட்ஸ் அடிப்பாகம் தேய்ஞ்சிருந்துச்சு, அதுவழியா ஏறிருச்சு. அன்னைக்கே முள்ள எடுத்துட்டேன். இப்ப நடந்தா உள்ள ஏதோ உருளுற மாதிரி இருக்கு, காலையில எந்திரிச்சு முதல் நாலு அடி வைக்க முடியல. லீவு கேட்டா ஏற்கனவே ஆள் பத்தல. அதான் விட்டுட்டேன்.

---

செவிலியர் அக்கா · ஞாயிறு இரவு 11.10

தம்பி, நாளைக்கு முதல் வேலையா ஆஸ்பத்திரிக்குப் போங்க. முள்ளு, மரச்சிலாம்பு எல்லாம் எக்ஸ்ரேல பெரும்பாலும் தெரியாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்ல பாதத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்க. "கருவேல முள்ளு, மூணு வாரமாச்சு, உள்ள ஒடிஞ்சிருக்கலாம்"னு நீங்களே டாக்டர்கிட்ட சொல்லுங்க. டி.டி. ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டிருந்தா எப்பன்னு சொல்லுங்க.

பல வருசமா அவசரப் பிரிவுல இருக்கேன். இப்ப சொல்றத உங்க ஆளுங்க எல்லாரும் மனசுல வச்சுக்கணும். வேலையில அடிபட்டு வந்தா ஏ.ஆர். போடுவோம், விபத்துப் பதிவேடு. அதுல சம்பவம் எப்படி நடந்துச்சுங்கிற இடத்துல, நோயாளி வாயால சொல்றதைத்தான் அப்படியே எழுதுவோம். தீயணைப்புக்காரங்க வர்றப்போ என்ன சொல்றாங்க தெரியுமா? "ஒண்ணுமில்ல சிஸ்டர், கீழ விழுந்துட்டேன்." எங்க, எத்தனை மணிக்கு, எந்த வேலையிலன்னு கேட்டாக்கூட "அதெல்லாம் எதுக்கு, கட்டுப் போட்டு விடுங்க, வண்டி நிக்குது"ம்பாங்க. அப்போ ஏட்டுல நிக்கிறது "கீழே விழுந்ததாகக் கூறுகிறார்" மட்டும்தான். ஆறு மாசம் கழிச்சு வந்து மாத்திக் குடுங்கன்னு கேட்டா யாராலயும் மாத்த முடியாது.

அதனால வாயத் திறந்து முழுசாச் சொல்லுங்க. "இன்ன ஊர்ல கரிமூட்டத் தீயை அணைக்கும் பணியில இருந்தப்போ, இத்தனை மணி வாக்குல, இடது உள்ளங்கால்ல முள் ஏறியது." இதைச் சொல்ல அரை நிமிசம்கூட ஆகாது. ஏ.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கிக்கங்க, போன்ல படம் எடுத்து வச்சுக்கங்க.

---

காக்கிச்சட்டை · திங்கள் காலை 6.15

நானும் ஒரு நிலையத்துக்குப் பொறுப்பாக இருப்பவன். பெரியவர் மேல் மரியாதை உண்டு. ஆனால் நடைமுறையையும் பார்க்க வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு அழைப்பு, நாலு மணிக்குத் திரும்பி வருகிறோம். நனைந்த ஹோஸை விரித்துக் காயவைக்க வேண்டும், வண்டியில் தண்ணீர் நிரப்ப வேண்டும், அறிக்கை எழுத வேண்டும். அடுத்த அழைப்பு எப்போது வரும் என்று தெரியாது. இதில் ஒவ்வொருவனுடைய சிராய்ப்பையும் எழுதிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். காயம் என்று எழுதினாலே "பாதுகாப்பு உடை போட்டிருந்தானா, நீ கவனித்தாயா" என்று மேலே இருந்து கேள்வி வரும். பையன்களுக்கும் பயம், எனக்கும் பயம். இதுதான் உண்மை நிலை.

---

பழைய நிலைய அலுவலர் · திங்கள் காலை 8.05

தம்பி, நீங்கள் சொன்ன பயம் எனக்கும் இருந்தது. அதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி.

ஆனால் சிராய்ப்பு என்று எதைச் சொல்கிறோம்? என் முழங்காலில் அன்று தெரிந்தது ஒரு புள்ளிதான். எது பெரிதாகும், எது ஆறிவிடும் என்று அந்த விடிகாலையில் நம் யாருக்கும் தெரியாது. 2020 தீபாவளி நேரத்தில் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைத் தீயில் கட்டடம் இடிந்து நம் ஆட்கள் இரண்டு பேர் போனார்கள். 2017 ஜூலையில் சென்னை கொடுங்கையூர் பேக்கரித் தீயில் சிலிண்டர் வெடித்து நம் ஆள் ஒருவர் போனார். அவையெல்லாம் ஊருக்கே தெரிந்தன, பேப்பரில் வந்தன, நிவாரணம் அறிவிக்கப்பட்டது. முழங்காலும் காதும் முதுகும் பேப்பரில் வராது. அவற்றுக்கு நம் ஏடு மட்டும்தான் சாட்சி.

நேரப் பிரச்சினைக்கு நான் கடைசி வருடங்களில் செய்ததைச் சொல்கிறேன். திரும்பி வந்து ஹோஸ் அலசும் நேரத்தில் ஒவ்வொருவனிடமும் போய் மூன்றே கேள்வி. எங்கேயாவது குத்தியதா? எங்கேயாவது சுட்டதா? தலை சுற்றியதா, வாந்தி வந்ததா? இல்லை என்றால் விட்டுவிடுவேன். ஆம் என்றால் ஒரு வரி: பெயர், நேரம், உடம்பில் எந்த இடம், எந்த வேலையில். கீழே அவன் கையெழுத்து. ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆகும்.

---

தொண்டி வக்கீல் · திங்கள் பகல் 1.30

நான் தொழிலாளர் வழக்குகள் நடத்துபவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அரசுப் பணியாளராக இருக்கும் தீயணைப்போருக்கு. அடிப்படை விதிகளில் 83, 83-அ இரண்டும் சிறப்பு இயலாமை விடுப்பைப் பற்றியவை. வேண்டுமென்றே பிறர் ஏற்படுத்திய காயம் முதலாவதில் வரும். பணியில் தற்செயலாக நேர்ந்த காயமும், சாதாரண வேலையைவிட ஆபத்து கூடுதலான ஒரு கடமையைச் செய்ததால் வந்த நோயும் காயமும் இரண்டாவதில் வரும். தீயணைப்போர் சாய்ந்து நிற்க வேண்டியது இந்த இரண்டாவதில். அதிகபட்சம் 24 மாதம். சொந்த விடுப்புக் கணக்கில் இது கழியாது. மருத்துவச் சான்று வேண்டும். இரண்டு நிபந்தனைகளை மட்டும் கவனியுங்கள்: இயலாமை சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் வெளிப்பட்டிருக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் தாமதிக்காமல் அதைத் தெரியப்படுத்தியிருக்க வேண்டும். இரண்டையும் தளர்த்த வழி உண்டு என்றாலும் அந்தச் சலுகையை நம்பி யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. பெரியவருடைய கோப்பு இந்த இடத்தில்தான் விழுந்திருக்கிறது. வாட்டர்டெண்டர் தம்பிக்கு மூன்று வாரம்தான் ஆகியிருக்கிறது. கையில் நேரம் இருக்கிறது.

அடுத்தது, காயத்தால் பழைய வேலையைச் செய்ய முடியாமல் போனால். பலர் பயந்து காயத்தை மறைப்பதே இதற்காகத்தான்: "தகுதியில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்." 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பிரிவு 20(4). பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளியான ஒருவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. அவர் பார்த்த பணிக்கு இனிப் பொருந்தமாட்டார் என்றால் அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு பணியிடம் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி, பொருத்தமான இடம் வரும்வரை அல்லது ஓய்வுபெறும் வயதுவரை அதில் வைத்திருக்க வேண்டும். சில வகை வேலைகளுக்கு அரசு விலக்கு அளிக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. உங்கள் பிரிவுக்கு அப்படி ஓர் அறிவிக்கை உண்டா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, இழப்பீடு. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டு பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலேயே தீயணைப்புப் படையில் வேலை செய்பவர் என்று ஒரு வரி இருந்தது. அந்தச் சட்டத்தின் அடிநாதம், யார் தவறு என்று கேட்காதது. வேலையின் காரணமாக, வேலையின்போது நேர்ந்த விபத்தா? அதுதான் கேள்வி. காக்கிச்சட்டை சாரின் பயத்துக்கு இதுவே பதில். காயத்தைப் பதிவது யார் மேலும் குற்றம் சாட்டுவது ஆகாது.

அந்தச் சட்டப்படி தொகை எப்படி வரும் என்று ஒரு கணக்கு. நிரந்தர முழு இயலாமை என்றால் மாத ஊதியத்தில் 60 சதவீதத்தை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். ஊதிய உச்சவரம்பு 2020 ஜனவரி 3 முதல் 15,000 ரூபாய். 35 வயதுக்குக் காரணி 197.06. ஆக 9,000 பெருக்கல் 197.06, அதாவது 17,73,540 ரூபாய். கட்டைவிரல் போனால் அட்டவணைப்படி 30 சதவீத இழப்பு, 5,32,062 ரூபாய். அட்டவணையில் இல்லாத காயம் என்றால், முழங்கால் மடங்கவில்லை என்பது போல, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று தகுதிபெற்ற மருத்துவர் சான்றளிக்க வேண்டும். அங்கே வேலை என்ன என்பது முக்கியம். இடது கையை இழந்த ஒரு தச்சரின் வழக்கில், அவர் தச்சு வேலைக்கு இனி லாயக்கில்லை என்பதால் அதை முழு இயலாமையாகவே கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1975இல் சொன்னது. ஏணி ஏற முடியாத தீயணைப்போருக்கும் அந்த நியாயம் பொருந்தும் என்று வாதிட இடம் உண்டு.

கோரிக்கைக்குக் கெடு இரண்டு வருடம். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தும் வேலையோடு தொடர்புடையது என்றால் அதில் அடங்கும். நிலைய அழைப்புக்காக வீட்டிலிருந்து பைக்கில் ஓடி வருபவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அரசுப் பணியாளருக்குத் தனி விதிகள் இருப்பதால் எந்த வழியில் கோருவது என்பதை ஆவணங்களோடு ஒரு வக்கீலிடம் காட்டி முடிவு செய்யுங்கள். இந்த இழையை மட்டும் நம்பி விண்ணப்பிக்க வேண்டாம்.

---

வாட்டர்டெண்டர் · திங்கள் பகல் 2.10

வக்கீல் சார், ரொம்ப நன்றி. ரெண்டு கேள்வி. அன்னைக்கு நான் முழங்கால் வரை வர்ற கனமான பூட்ஸ் போடல, தேய்ஞ்சதைத்தான் போட்டிருந்தேன். அதுனால தள்ளுபடி ஆகுமா? மூணு வாரத்துக்கு முந்தின தேதியில இப்ப எழுதிக்கலாமா? கூட இருந்தவங்க எல்லாரும் கையெழுத்துப் போடுறோம்ங்கிறாங்க.

---

தொண்டி வக்கீல் · திங்கள் பகல் 2.45

இரண்டாவதற்கு முதலில் பதில்: கூடாது. முன்தேதி போட்ட ஒரு வரி உங்கள் உண்மையான காயத்தையும் பொய்யாக்கிவிடும், கையெழுத்துப் போட்டவர்களையும் இழுக்கும். இன்றைய தேதி போட்டு எழுதுங்கள். சம்பவம் இன்ன தேதியில் நடந்தது, அப்போது சிறியது என்று நினைத்துத் தெரிவிக்கவில்லை, வலி தொடர்வதால் இப்போது தெரிவிக்கிறேன் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அந்த அழைப்பில் நீங்கள் வண்டியில் இருந்தது அன்றைய பதிவில் இருக்கும். கூட வந்தவர்கள் பார்த்ததை அவரவர் சொந்த வார்த்தையில், இன்றைய தேதியில் எழுதட்டும்.

முதல் கேள்வி. பாதுகாப்பு சாதனம் என்று தெரிந்தே வேண்டுமென்று கழற்றி எறிந்தால், வெளிப்படையான உத்தரவை வேண்டுமென்று மீறினால்தான் சிக்கல். அதுவும் மரணத்திலும் நிரந்தர முழு இயலாமையிலும் அந்த எதிர்வாதம் நிற்காது. தேய்ந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஓடியதை வேண்டுமென்று செய்த மீறல் என்று யாரும் சொல்ல முடியாது. பூட்ஸை எறிந்துவிடாதீர்கள், அப்படியே வையுங்கள். முள் ஏறிய ஓட்டை அதில் இருக்கும்.

---

பாம்பன் நாட்டுப்படகு · திங்கள் மாலை 5.50

நான் மீன்பிடிக்கிறவன். உங்க விசயத்துல பேசலாமான்னு தெரியல, ஆனா பேசணும்போல இருக்கு.

போன வருசம் எங்க கரையில ஒரு பைபர் வள்ளம் பத்திக்கிச்சு. கச்சான் காத்து அடிச்சிக்கிட்டிருந்த நேரம். பக்கத்துல வலை, தெர்மாகோல் பெட்டி, டீசல் கேனு, பனையோலைக் கொட்டகை. தீயணைப்பு வண்டி வர்றதுக்குள்ள நாங்கதான் மண்ண அள்ளிப் போட்டோம். எங்க மச்சான் எரியுற வலைய இழுத்து அப்புறப்படுத்தப் போனாரு. நைலான் உருகி மெழுகு மாதிரி சொட்டி, வலது புறங்கையில ஒட்டிக்கிச்சு. உதறுறாரு, போகல. இழுத்தா தோலோட வருது. வண்டியில வந்த ஒரு தம்பி ஓடியாந்து "இழுக்காதீங்க"ன்னு கையப் புடிச்சு, அப்படியே நல்ல தண்ணிய ஊத்துனாரு. ரொம்ப நேரம் ஊத்துனாரு. பெறகு அவரு பாட்டுக்கு அந்தக் கரும்பொகையில போய் நின்னாரு. மூஞ்சியில ஒண்ணுமே போடல. திரும்பி வந்து கடல்ல வாந்தி எடுத்தாரு. அது எங்கயாச்சும் எழுதியிருப்பாங்களா? இதப் படிச்சப்ப எனக்கு அவரு ஞாபகம்தான் வந்துச்சு.

எங்க ஆளுகளுக்கு ஒண்ணு: சங்கத்துல உறுப்பினரா இருந்து மீனவர் விபத்துக் காப்பீட்டுல பேரு இருந்தா, இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 25 ஆயிரம் வரைக்கும் இருக்கு. பேரு இருக்கான்னு இப்பவே பாத்து வச்சுக்கங்க.

---

செவிலியர் அக்கா · திங்கள் இரவு 8.30

அந்தத் தம்பி செஞ்சது சரியான முதலுதவி. உருகின பிளாஸ்டிக்கை உரிக்கக் கூடாது. 20 நிமிசம் ஓடுற தண்ணி. ஐஸ், பேஸ்ட், மை எதுவும் வைக்கக் கூடாது.

அவர் வாந்தி எடுத்தது எனக்குக் கவலையா இருக்கு. மூடின இடத்துலயோ கரிமூட்டத்துலயோ வேலை பார்த்துட்டு தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் வந்தா கார்பன் மோனாக்சைடா இருக்கலாம். விரல்ல மாட்டுற பல்ஸ் ஆக்சிமீட்டர் அப்போ ஏமாத்தும். ரத்தத்துல ஆக்சிஜன் இடத்துல அந்த வாயு உட்கார்ந்திருந்தாலும் அது 98, 99ன்னுதான் காட்டும். "98 இருக்கு, நல்லாத்தான் இருக்கார்"னு அனுப்பிடக் கூடாது. ரத்தம் எடுத்துத்தான் பார்க்கணும், அதுவும் சீக்கிரமா. சாதாரணக் காத்துல நாலஞ்சு மணி நேரத்துல பாதி வெளிய போயிடும், ஆக்சிஜன் வச்சா ஒண்ணு ஒண்ணரை மணி நேரத்துலயே பாதி குறைஞ்சிடும். மறுநாள் வந்தா ரிப்போர்ட் நார்மல்னு வரும். உடம்புக்கு நடந்தது நடந்ததுதான், ஆதாரம் மட்டும் இருக்காது.

---

வீட்டிலிருந்து · திங்கள் இரவு 10.00

என் கணவர் தீயணைப்புத் துறையில் இருக்கிறார். இந்த இழையை அவர் தூங்கிய பிறகு படிக்கிறேன்.

அவர் தீயிலிருந்து வந்தால் சட்டையில் ஒரு வாடை. டயர், பெயிண்ட், பிளாஸ்டிக் எல்லாம் கலந்த மாதிரி. இரண்டு தடவை துவைத்தாலும் போகாது. எங்களுக்கு இரண்டு வயதுப் பிள்ளை. அவர் வந்ததும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளும். அந்தச் சட்டையைப் பிள்ளை துணியோடு சேர்த்துத்தான் இத்தனை நாள் துவைத்தேன். இதில் ஆபத்து இருக்கிறதா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். கிணற்றிலிருந்து ஒரு சின்னப் பிள்ளையின் உடலை எடுத்த நாளிலிருந்து அவர் ராத்திரி எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். கேட்டால் ஒன்றுமில்லை என்பார். இது காயத்தில் சேருமா, சேராதா?

---

பழைய நிலைய அலுவலர் · செவ்வாய் காலை 5.20

மகளே, உன் பதிவைப் படித்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

உலக சுகாதார அமைப்பின் கீழ் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் தீயணைப்போர் வேலையையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் சேர்த்தது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும், நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் புற்றுநோய்க்கும் போதிய ஆதாரம் உண்டு என்றது. உன்னைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. செய்யக்கூடியது இருக்கிறது. தீயில் போட்ட உடையை நிலையத்திலேயே அலசிவிட்டு, கை முகம் கழுத்து சோப்புப் போட்டுக் கழுவி, வேறு சட்டையில் வீட்டுக்கு வரச் சொல். வீட்டுக்கு வந்த உடையைத் தனியாகத் துவை. பிள்ளையைத் தூக்குவதற்கு முன் ஒரு குளியல். எங்கள் காலத்தில் கருத்த முகத்தோடு வருவதைப் பெருமையாக நினைத்தோம். அது தப்பு.

அவரிடம் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளச் சொல். எந்தத் தேதி, என்ன எரிந்தது, எவ்வளவு நேரம் புகையில், மூச்சுக்கருவி போட்டிருந்தாரா. இருபது வருடம் கழித்து ஒரு நோய் வந்தால், எந்தப் புகையால் என்று கேட்பவர்களுக்குக் காட்ட அந்த நோட்டு வேண்டும்.

கிணற்றுப் பிள்ளை. எனக்கும் அப்படி ஒரு பிள்ளை உண்டு, தேவிபட்டினம் பக்கம். பச்சைக் கவுன். இன்றைக்கும் அந்த நிறத்துத் துணி கொடியில் காய்ந்தால் பார்க்க மாட்டேன். இது காயம்தான் அம்மா. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்று அரசு மனநல உதவி இருக்கிறது, தமிழில் பேசலாம், காசில்லை. அவர் பேசத் தயங்கினால் முதலில் நீ பேசு. டாக்டரைப் பார்த்தால் அந்தச் சீட்டையும் பத்திரமாக வை.

---

காக்கிச்சட்டை · செவ்வாய் பகல் 12.40

நேற்று இரவு பணியில் உட்கார்ந்து ஒரு வேலை செய்தேன். எங்கள் ஆட்களைக் கூப்பிட்டு, கடந்த ஒரு வருடத்தில் யாருக்கு என்ன அடிபட்டது என்று வாய்வார்த்தையாகவே கேட்டு ஒரு தாளில் எழுதினேன். ஏட்டில் ஏறியது இரண்டு. தாளில் வந்தது பதினேழு.

அதில் ஐந்து, விரல் நசுங்கியது. ஐந்தும் ஹோஸ் கப்ளிங்கை (ஹோஸ்களை இணைக்கும் பூட்டு) மாட்டும்போது. கடல் தண்ணீரை இழுத்து அடித்த அழைப்புகளுக்குப் பிறகு கப்ளிங்கில் உப்புப் பூத்து, சுருள் இறுகி, சரியாகக் கவ்வுவதில்லை. பையன்கள் கட்டையால் தட்டித்தான் மாட்டுகிறார்கள். ஒரு முறை அழுத்தத்தில் பிடுங்கிக்கொண்டு ஹோஸ் பாம்பு மாதிரி சீறி ஒருவன் தாடையில் அடித்திருக்கிறது. அதுவும் எங்கும் இல்லை. கடல் தண்ணீர் பயன்படுத்தினால் பம்ப்பையும் கப்ளிங்கையும் நல்ல தண்ணீரில் அலசணும் என்று எல்லாருக்கும் தெரியும், ராத்திரியில் யாரும் செய்வதில்லை. ஐந்து விரலையும் ஒரே தாளில் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

புதிய கப்ளிங் கேட்டு இன்று கடிதம் எழுதிவிட்டேன். பதினேழையும் இணைத்திருக்கிறேன். மேலே இருந்து கேள்வி வரட்டும், பதில் சொல்கிறேன்.

---

ஆலைத் தீப்படை · செவ்வாய் மாலை 4.15

நான் ஒரு தனியார் ஆலையில் ஒப்பந்தத் தீயணைப்பு ஆள். எங்களுக்கு எப்படி?

---

தொண்டி வக்கீல் · செவ்வாய் மாலை 4.50

உங்கள் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு அது பொருந்தும். பணிக்காயத்தால் வேலை செய்ய முடியாத நாட்களுக்கு ஊதியத்தில் 90 சதவீத அளவில் உதவி உண்டு. இத்தனை மாதம் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்கு இல்லை. சேர்ந்த முதல் நாள் அடிபட்டாலும் உண்டு. ஒப்பந்தக்காரர் விபத்து அறிக்கை அனுப்பினாரா என்பதை நேரில் போய் உறுதி செய்யுங்கள். இ.எஸ்.ஐ. இருந்தால் அதே காயத்துக்கு இழப்பீட்டுச் சட்டத்தில் தனியாகக் கோர முடியாது.

---

வாட்டர்டெண்டர் · புதன் இரவு 7.30

அக்கா, ஸ்கேன் பாத்தாச்சு. உள்ளங்கால்ல நரம்பு உறை பக்கத்துல முள்ளு முனை ஒண்ணு நிக்குதாம், 9 மில்லிமீட்டர். வெள்ளிக்கிழமை எடுக்குறாங்க. ஏ.ஆர். போட்டாச்சு, நீங்க சொன்ன மாதிரியே முழுசாச் சொன்னேன். எழுதுன சிஸ்டர் "இவ்வளவு விவரமா யாரும் சொல்லமாட்டாங்க"ன்னாங்க. பூட்ஸைப் பையில கட்டி வச்சிருக்கேன்.

நிலையத்துல குடுக்க இப்படி எழுதியிருக்கேன். சார், பாத்துச் சொல்லுங்க:

"இன்ன தேதி இரவு 11.50 மணி அழைப்பில் கரிமூட்டத் தீயை அணைக்கும் பணியில் இருந்தபோது, முள்கட்டுகளுக்கு நடுவே ஹோஸ் இழுத்துச் செல்கையில் இடது உள்ளங்காலில் பெருவிரலுக்குக் கீழே கருவேல முள் பூட்ஸைத் துளைத்து ஏறி லேசான காயம் ஏற்பட்டது. அப்போது சிறியது என்று கருதித் தெரிவிக்கவில்லை. வலி நீடித்ததால் இன்று மருத்துவமனையில் காண்பித்தேன். ஸ்கேனில் 9 மி.மீ. முள் முனை உள்ளே இருப்பது தெரிந்தது. ஏ.ஆர். நகலும் ஸ்கேன் அறிக்கையும் இணைத்துள்ளேன். அந்த அழைப்பில் உடன் இருந்த இருவர் தனித்தனியே எழுதிக் கொடுத்துள்ளனர்."

---

பழைய நிலைய அலுவலர் · புதன் இரவு 7.55

நன்றாக எழுதியிருக்கிறாய். ஒரே ஒரு சொல்லை அடி: "லேசான". லேசா கனமா என்று சொல்வது டாக்டர் வேலை. முள் ஏறியது என்று மட்டும் நிற்கட்டும். இரண்டு பிரதி எடு. ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்கி வீட்டில் வை.

---

வாட்டர்டெண்டர் · புதன் இரவு 8.20

அடிச்சுட்டேன் சார். காலையில ரெண்டு பிரதியோட போறேன்.